மூன்று தரம் நிறுத்து வாங்கிய வளையல்

எங்கள் வீட்டு வாண்டுக்கு,

நீயே ஒரு வாண்டுக்குத் தாயான பிறகும் உன்னை இப்படித்தான் கூப்பிடுவேன், மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீங்கள் மூவரும் அங்கே முழங்கால் உட்பட எல்லாம் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த பேத்தியின் படமும் வந்து சேர்ந்தன. படத்தில் நடுவில் நிற்பது நானா அல்லது பீரோவா என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது, மீசை இருப்பதால் நான்தான் என்று கடைசியில் தீர்ப்பாகி, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறோம். மாடி வீட்டு டீச்சர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது தன் பூந்தொட்டிகளை எல்லாம் உன் அம்மா தலையில் கட்டிவிட்டார், இப்போது நம் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. உன் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. புதுக் கண்ணாடி போட்டதும் முதலில் பார்த்தது என் சட்டைக் காலர் அழுக்கைத்தான். உனக்கு இருமல் விட்டதா? போனில் பேசும்போது இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே நடுவில் இரண்டு முறை இருமினாய், நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஏன் இவ்வளவு பெரிய கடிதம் என்று நீ கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், நீ பயந்துபோய் டாக்டரிடம் போ என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். போன மாதம் நீ ஒரு கேள்வி கேட்டாய் அல்லவா, பேத்தியின் விடுமுறைக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கி வரப்போகிறேன், தங்கம் சுத்தமானதுதானா என்று எதை வைத்துப் பார்ப்பது என்று. நான் என்ன சொன்னேன்? முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசாங்க முத்திரை போட்டவன் என்ற தோரணையில், எடை சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும், உன் அம்மா கையில் கிடக்கிற வளையலை நான் எப்படி வாங்கினேன் தெரியுமா என்று அந்தப் பழைய கதையை மறுபடி எடுத்துவிட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சரிப்பா என்றாய். லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். நீ போன் செய்த மறுவாரம் உன் அம்மா துணி அலசும்போது வலது கை வளையல் வாளிப் பிடியில் மாட்டி, பற்றவைத்த இடத்தில் விட்டுப்போய்விட்டது. பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்து வருகிறேன், மகள் வருகிற நேரத்தில் மொட்டைக் கையோடு நிற்பாயா என்று நான் கேட்டேன். அவள் என்னவோ சப்பைக்கட்டு கட்டினாள். ஒரு நாள் கை வீங்கியிருக்கிறது என்றாள், மறுநாள் வளையலே இப்போதெல்லாம் பிடிக்கவில்லை என்றாள், அதற்கு அடுத்த நாள் பட்டறைக்காரர்கள் எல்லாம் சுரண்டி எடுத்துவிடுவார்கள், வேண்டாம் என்றாள். சுரண்டுவதா, என் கண்ணெதிரிலா, பற்றவைக்கும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்ப்பேனே என்று எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. அவள் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, பீரோவில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடிகாரக் கடைக்குப் பின்னால், ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, மேலே ஒரே அறை, அதுதான் பட்டறை. நகை செய்யும் பத்தர் அதிகம் பேசாதவர், பேசினால் காசு போய்விடும் என்பது போல இருப்பார். வளையலை வாங்கி, உடைந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். விளக்கைப் பற்றவைக்கப் போன கை நின்றுவிட்டது. எங்கே வாங்கினீர்கள் என்றார். நான் பெருமையாகக் கடைவீதியில் இருந்த அந்தக் கடையைச் சொன்னேன். அவர் உள்ளங்கை அகலக் கறுப்புக் கல்லை எடுத்து அதில் நம் வளையலை ஒரு கோடு இழுத்தார். பக்கத்திலேயே, தரம் தெரிந்த இருபத்திரண்டு காரட் கம்பி ஒன்றால் இன்னொரு கோடு. இரண்டும் என் கண்ணுக்கு ஒரே மஞ்சள்தான். மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டார். அவருடைய கோடு அப்படியே இருந்தது. நம்முடையது மெல்ல மங்கி, நிழல் மாதிரி ஆகிவிட்டது. அமிலம் பழசாக இருக்கும் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் கீழ்க்கடையில் தரம் பார்க்கும் மெஷின் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். அங்கே இருந்த பெண் மெஷினுக்குள் வளையலை வைத்து மூடிய கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. தங்கம் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று, மீதி செம்பும் வெள்ளியும். தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டு. நான் விடுவேனா, இந்த மெஷினைக் கடைசியாக யார் சரிபார்த்தது, சான்றிதழைக் காட்டு என்று அதட்டினேன். அந்தப் பெண் சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றியே கொடுத்துவிட்டாள். தேதி சரியாக இருந்தது, கையெழுத்தும் சரியாக இருந்தது. என் உத்தியோகத்தில் ஒழுங்கான சான்றிதழ் ஒன்றைப் பார்த்து இவ்வளவு துக்கப்பட்டது அன்றுதான்.

மறுபடி மேலே ஏறிப் போய், பத்தரிடம் ஒரு டம்ளர் தண்ணீரும் நூலும் கேட்டேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, பித்தளைப் படிக்கல்லுக்குள் வேறு எதையாவது அடைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க நானே சொல்லிக்கொடுத்த சோதனை அது. ஒரு பொருளை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும், எவ்வளவு குறைகிறதோ அதை வைத்து உள்ளே என்ன உலோகம் என்று சொல்லிவிடலாம். பதினாறு கிராம் வளையல், நல்ல இருபத்திரண்டு காரட்டாக இருந்தால் தண்ணீரில் ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் எடை இறங்க வேண்டும். இது ஒன்றேகால் கிராம் கிட்ட இறங்கியது. இருபத்தெட்டு வருடம் வீட்டிலேயே கிடந்த வளையல், வீட்டிலேயே இருந்த தண்ணீர், எனக்கு ஒரு நாள் கூடத் தோன்றவில்லை பார். வளையல் வாங்கிய கடையின் தராசுக்கு நானே என் கையால் முத்திரை போட்டேன், அது எப்படி ஏமாற்றும் என்று பத்தரிடம் புலம்பினேன். அவர் டம்ளரிலிருந்து வளையலை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "சார், உங்க தராசு பொய் சொல்லல. நீங்க அதுகிட்ட எடையத்தான கேட்டீங்க?" என்றார்.

வளையல் வாங்கியபோது உனக்கு இரண்டு வயது. அந்த நகைக்கடைக்காரரை வீதியில் எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவர் கடையில் ஒரு சோடா கூடக் குடித்ததில்லை, எங்கே லஞ்சமாகிவிடுமோ என்று பயம். அன்றும் சோடாவைத் தள்ளிவைத்துவிட்டு, வளையலை மூன்று தராசில் மூன்று தரம் நிறுக்கச் சொன்னேன். ஜன்னல் காற்று தட்டில் படுகிறது, சாத்துங்கள் என்றேன். முதலாளி மகா பணிவாக ஜன்னலைச் சாத்தினார். நான் எடையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மனதுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பார் என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எடை ஒரு நெல்மணி பிசகவில்லை. வளையலின் உள்பக்கம் இருபத்திரண்டு என்று ஒரு முத்திரை இருந்தது. அதைக் குத்தியவரும் அவர்தான், விற்றவரும் அவர்தான். விற்கிறவன் தானே குத்திக்கொள்கிற முத்திரைக்கு மதிப்பில்லை, வெளியிலிருந்து ஒருவன் வந்து பார்த்துக் குத்த வேண்டும், அதற்குத்தானே அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. முத்திரை போடுகிறவனே முத்திரையைப் பார்த்து ஏமாந்தது என் உத்தியோகத்துக்கே வந்த பெருமை. அந்தக் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு இப்போதாவது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். இந்த ஒரு மாதத்தில் பத்தரிடமும் அந்த மெஷின் பெண்ணிடமும் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. நகையின் உள்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார், வெறுங்கண்ணுக்கு அந்த எழுத்து எறும்பு மாதிரிதான் இருக்கும். 916 என்ற எண் மட்டும் இருந்தால் போதாது, எந்தச் சோதனைக்கூடம் பார்த்தது என்ற அடையாளமும் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்தக் கூடம் கடைக்காரருடையதாக இருக்கக் கூடாது. மெஷினில் வைத்துக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதே. மெஷினும் மேல்தோலைத்தான் பார்க்கும், கனமாக முலாம் பூசியிருந்தால் அதுவும் ஏமாறும், அதனால் உள்பக்கத்திலும் பற்றவைத்த இடத்திலும் கொக்கியிலும் தனித்தனியாக வைத்துப் பார்க்கச் சொல். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே தங்கம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வா, செம்பிலும் பித்தளையிலும் கூடத்தான் காந்தம் ஒட்டாது. மாப்பிள்ளை பல்லால் கடித்துப் பார்க்கலாம் என்று சொன்னாலும் சொல்வார், பல்தான் போகும். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்து எழுதச் சொல். உள்ளே அரக்கு ஊற்றிய குழல் வளையல் பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும், வேண்டாம். பில்லில் தரம், தங்கத்தின் நிகர எடை, செய்கூலி எல்லாம் தனித்தனி வரியில் இருக்கட்டும். கடைசியாக, எல்லாம் பேசி முடித்துப் பையில் போடுகிற நேரத்தில், இதையே நாளைக்கு உங்களிடம் திருப்பி விற்றால் எந்தத் தரத்துக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று சாதாரணமாகக் கேள். அப்போது வருகிற பதில்தான் நகையைப் பற்றிக் கடைக்காரருக்குத் தெரிந்த உண்மை.

வளையலின் தரம் தெரிந்ததும் நான் செய்த காரியம் இன்னொரு முட்டாள்தனம். இருபத்தெட்டு வருடமாக அவள் ஆசையாகப் போட்டிருந்தது இப்படிப்பட்டது என்று தெரிந்தால் தாங்குவாளா என்று எனக்குப் பயம். அதனால் அவளிடம் மூச்சு விடாமல், அதே கொடி வேலைப்பாட்டில், ஒன்றுக்கு அதே பதினாறு கிராமில், சுத்தமான இருபத்திரண்டு காரட்டில் ஒரு ஜோடி செய்யச் சொல்லிவிட்டேன். உடைந்ததை மாதிரிக்குக் கொடுத்தேன், பிறகு உருக்கிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் பத்தர் ஊரில் இல்லை என்று புளுகினேன். புது ஜோடி வந்ததும் ஒன்றை மட்டும் எடுத்துப் போய், பற்றவைத்தாயிற்று என்று உன் அம்மா கையில் கொடுத்தேன். மற்றதை எப்படியாவது அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று திட்டம். நல்ல தங்கம் கனமானது, அதே எடைக்கு வளையல் கால் பங்கு ஒல்லியாகத்தான் வரும் என்பது தராசுக்காரனுக்குத் தெரிய வேண்டாமா? அவள் கையில் போடக்கூட இல்லை. விரலில் வைத்து ஒரு உருட்டு உருட்டினாள். "இது என்னோடது இல்லீங்க. பழசு எங்க?" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அழப்போகிறாள், தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று பாதி எழுந்தே நின்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அது மட்டத் தங்கம்னு எனக்குத் தெரியுங்க. பத்தொம்பது வருஷமாத் தெரியும்" என்றாள்.

உனக்கும்தான் தெரியும். இரும்புக் கடைக்காரர் ஒருவரின் கள்ளப் படிக்கற்களை நான் பறிமுதல் செய்ததற்கு, நான் லஞ்சம் கேட்டேன் என்று அவர் எழுதிப் போட, என்னை சஸ்பெண்ட் செய்து வீட்டில் உட்கார வைத்திருந்த நாலு மாதம் உனக்கு நினைவிருக்கும், உனக்குப் பதினோரு வயது. விசாரணைக்கு முதல் நாள் உன் அம்மா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு வளையலை அடகு வைக்கப் போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு, இதை எடுக்க முடியாதம்மா என்று கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அப்பா ஏமாந்துட்டாரா அம்மா என்று நீ கேட்டாயாம். "அப்பா யாரையும் ஏமாத்தலடி. அவர்கிட்ட மட்டும் இதச் சொல்லிடாத" என்று அவள் சொல்லியிருக்கிறாள். நேர்மையானவன் என்று பேர் எடுத்ததையே ஊர் சந்தேகப்பட்ட நேரத்தில், என்னைத் திறமையாக ஏமாற்றியும் இருக்கிறார்கள் என்று என்னிடமே எப்படிச் சொல்வது என்று இப்போது கேட்கிறாள். அதன் பிறகு துணிக்கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினாள். பொழுது போகவில்லை, அதனால் தைக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள், நானும் நம்பினேன். அந்த வளையலின் எடைக் கதையை வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் நான் அளந்துவிட்ட போது, பக்கத்தில் டீ டம்ளரோடு நின்று தலையாட்டினாளே, அதை நினைத்தால்தான் எனக்கு மனசு தாங்கவில்லை.

அதற்கப்புறம் அவள் அழவில்லை, செருப்பைப் போட்டாள். பழசை உருக்கியிருந்தால் பத்தரையும் உங்களையும் சேர்த்து உருக்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடக்க, நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நல்ல வேளை, உருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து பற்றவைத்து வாங்கிப் போட்டுக்கொண்டுதான் எழுந்தாள். நல்லதாக ஒன்று இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். இதைப் போட்டுக்கொண்டால் கூட்ட பஸ்ஸில் கூடப் பயமில்லாமல் போகலாம், எடுத்துப் போகிறவன்தான் ஏமாறுவான் என்றாள். பத்தர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மெதுவாகச் சொன்னாள், ஜன்னலைச் சாத்தச் சொல்லி நீங்கள் எனக்காக நின்று நிறுத்து வாங்கியது இது, என் கையிலேயே இருக்கட்டும் என்று. புது ஜோடி உனக்காம். அன்றைக்கு என்னோடு வந்தவள் அவள்தானே என்கிறாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆகவே நீ அம்மாவுக்கு வளையல் வாங்காதே. கை வீசிக்கொண்டு வா.

அவள் சொன்ன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். என் பழைய ஃபைலில், விசாரணையில் குற்றமில்லை என்று வந்த உத்தரவோடு சேர்த்து, உன் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள் வைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்தவர் என்று டீச்சர் எழுதச் சொன்னது. விசாரணை அன்று காலையில் நான் போட்டுக்கொள்ள மடித்து வைத்திருந்த சட்டையின் மேல் அதை வைத்துவிட்டு நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், அந்தச் சட்டைப் பையில் வைக்க ராஜினாமாக் கடிதம் எழுதித் தயாராக வைத்திருந்தேன். போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவது, இந்த உத்தியோகமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். உன் தாளைப் படித்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டேன். குழந்தைக்கு என்ன தெரியும், அப்பா என்றால் பெரிய ஆள் என்று நினைத்து எழுதியிருக்கிறது, அந்த நினைப்புக்காகவாவது போய் நிற்போம் என்றுதான் போனேன். இத்தனை வருடமும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அந்தத் தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். விசாரணைக்கு முதல் நாள். அடகுக் கடையிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். எங்கள் அப்பா யாரையும் ஏமாற்றியதில்லை என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருக்கிறாய். உன் அப்பா ஏமாந்தவன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டுதானம்மா, அதை நீ எழுதியிருக்கிறாய்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, மகளுக்கு நன்றி சொல்லிப் பழக்கமும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். உனக்கும் உன் அம்மாவுக்கும் நன்றி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிறவள் அவள்தான், பிரித்துப் படிக்காமல் போடமாட்டாள், படிக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நிறைந்த மனதோடு நீண்ட நாள் வாழ வேண்டும். இருமலுக்கு மருந்து வாங்கிச் சாப்பிடு. டிக்கெட் தேதி உறுதியானதும் அம்மாவிடம் முதலில் சொல், பூந்தொட்டிகளை ஒதுக்கிப் படுக்க இடம் செய்ய வேண்டும். வளையல் உன் கைக்குச் சேருமா என்று தெரியாது, கட்டைவிரலை உள்ளே மடக்கி, கை அகலமான இடத்தை ஒரு நூலால் சுற்றிப் பார்த்து, கொஞ்சம் தளர்த்தி, அந்த நூலை அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு.

நீ எழுதிய தாளைப் பையில் வைத்துக்கொண்டு அன்று விசாரணைக்குப் போன,
உன் அப்பா